மூடப்போகும் தகட்டின் உள்பக்கம்

பழைய காரைப் புதுப்பித்தவரின் கைத்திறனை அளக்க வண்ணப்பூச்சு மட்டும் போதாது. நல்ல வண்ணத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். கதவைத் திறந்து, நன்றாகக் குனிந்து, அதன் அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிப் பகுதியை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘சில்’ என்று அதற்குப் பெயர். அதன் வெளிமுகம் தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும். உள்முகத்தையோ, கடைசித் தகட்டை வெல்டிங் செய்து மூடிய பிறகு, செய்தவரே நேராகப் பார்க்க முடியாது. அந்த இருட்டுக்குள் ஒரு தேர்ந்த கைவினைஞர் விட்டுவைக்கும் வேலையைத்தான் நான் ரசிக்கிறேன். இவ்வளவு நுணுக்கம், இவ்வளவு முன்யோசனை, பார்க்கிறவர் இல்லாத இடத்தில் செலவாகிறது.

எம்.ஜி.பி. என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு நல்ல பாடம். 1962இல் வெளிவந்து 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் அதிகமாக வந்த கார் அது. அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வுக்குத் தனியாக ஒரு சேஸி இருந்தது. உடல் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எம்.ஜி.பி.யில் உடலே சேஸியின் வேலையையும் செய்கிறது. கூரை இல்லாத திறந்த காரில் முன்பாதியும் பின்பாதியும் நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்குவதில் பெரும்பங்கு இந்த இரண்டு சில்களுடையது. ஆகவே இங்கே துரு என்பது அழகுக் குறைவோடு நிற்பதில்லை. காரின் முதுகெலும்பே அரிபடுகிறது.

சில்லைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் அமைப்பு புரியும். தரைத்தகட்டின் ஓரமாக உள்சில் நிற்கிறது. அடியில், கேஸில் ரெயில் என்று பழகியவர்கள் சொல்லும் மடிப்புத் தகடு. நடுவே ஓர் இடைத்தகடு செங்குத்தாக எழுந்து வெற்றிடத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கும் வெளியே, நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சில். எல்லாம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடுகள். இவை கீழே ஒரே விளிம்பில் அடுக்கடுக்காகச் சேர்ந்து, வரிசையான ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளால் பிடிபட்டு நிற்கின்றன. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் தகடுகள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன, ஆனால் ஒட்டியிருக்கவில்லை. முடியிழை போகும் அந்த இடுக்குதான் துருவுக்குப் பிறந்த வீடு.

அந்த இடுக்கில் ஏன், வெளிப்பரப்பில் ஏன் அவ்வளவு இல்லை? இந்தக் கேள்விக்குக் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் ஈவான்ஸ் 1920களில் மிக எளிய சோதனையால் விடை காட்டினார். சுத்தமான இரும்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு துளி உப்புநீர். அதில், இரும்பு கரைந்தால் நீலமும் காரத்தன்மை உண்டானால் இளஞ்சிவப்பும் காட்டும் குறிகாட்டிகள் கலந்திருக்கும். சற்று நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகிறது. ஓரம் சுற்றிலும் இளஞ்சிவப்பு வளையம் எழுகிறது. இரண்டுக்கும் நடுவே துரு படிகிறது. காற்று தாராளமாகக் கிடைக்கும் ஓரம் தப்பிக்கிறது. காற்று எட்டாத நடுப்பகுதி கரைகிறது. ஒரு துளிக்குள் ஒரு மின்கலமே இயங்குகிறது. துருவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்று பள்ளியில் படித்த நமக்கு, ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில்தான் இரும்பு அதிகம் போகிறது என்பது முதலில் வியப்பாக இருக்கும். ஈவான்ஸின் துளியை மனத்தில் வைத்துக்கொண்டு சில்லின் அடிவிளிம்பைப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். இடுக்கு துளியின் நடு. வெளிப்பரப்பு துளியின் ஓரம்.

உப்பை நாம் ஊற்ற வேண்டியதில்லை, பிரிட்டனின் குளிர்காலச் சாலையே ஊற்றுகிறது. பனியை உருக்கச் சாலையில் இறைக்கும் பாறையுப்பில் பெரும்பகுதி செஷயர் மாவட்டத்தின் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வருகிறது. 1844இல் தொடங்கிய சுரங்கம் அது. செம்பழுப்பு நிறத்தில் இருக்கும் அந்த உப்பு, இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய கடல் வற்றிப்போய் விட்டுச்சென்றது. டயர் அதைச் சேற்றோடு வாரி முன் மட்கார்டின் பின்மூலையில் அடிக்கிறது. எம்.ஜி.பி.யில் அந்த மூலையில் சேறு தங்குவதற்கென்றே அமைந்ததுபோல் ஒரு தட்டு உண்டு. சேறு காய்ந்தாலும் உப்பு காய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் அந்த அளவு சாதாரணம். மழையில் நனையாமல் கொட்டகைக்குள் பூட்டிவைத்த காரும் துருப்பிடிப்பதன் காரணம் இதுதான். பிறகு துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைக் கேட்கிறது. கோபுரத்தின் கல்லிடுக்கில் முளைத்த அரசஞ்செடிபோல, அது தகடுகளை மெல்ல நெம்பிப் பிரிக்கும். பிரிந்த இடத்தில் இன்னும் நீர், இன்னும் உப்பு.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் புதிய சில்லை எப்படிப் பொருத்துகிறார் என்று பார்ப்பதில்தான் சுவை இருக்கிறது. தெரியாதவர் செய்வதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம்: அரித்துப்போன பழைய சில்லின்மேலேயே புதிய தகடு ஒன்றைப் போர்த்தி, ஓரத்தைப் பற்றவைத்து, பட்டி பூசி, வண்ணம் அடித்துவிடுவார். சில வருடங்களுக்கு எல்லாம் அழகாக இருக்கும். உள்ளே பழைய துரு புதிய தகட்டையும் உணவாக்கிக்கொண்டிருக்கும்.

தெரிந்தவர் முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைக்கிறார். முதுகெலும்பை வெட்டும்போது உடல் தொய்ந்து, கதவு மூடாமல் போய்விடக்கூடாது. போல்ட் போட்ட முன் மட்கார்டைக் கழற்றி எடுத்துவிடுகிறார். வெல்டிங் செய்திருக்கும் பின் மட்கார்டின் கீழ்நுனியை அளந்து வெட்டுகிறார். சில்லின் இரண்டு நுனிகளும் இந்த மட்கார்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. அதுவரை போகாமல் நடுவிலேயே வெட்டி ஒட்டுவது அரைவேலை. பழைய ஸ்பாட் புள்ளிகளை எடுக்கத் தனியாக ஒரு வெட்டுமுனை உண்டு. மேல்தகட்டை மட்டும் வட்டமாக அறுத்து, அடித்தகட்டில் லேசான ஒரு வளையத்தை மட்டும் விட்டுவிட்டு நிற்கும். கை கொஞ்சம் அழுந்தினால் அடித்தகடும் ஓட்டையாகிவிடும். நல்ல கை வேலைசெய்த அடித்தகட்டில் ஒரே ஆழத்தில் வரிசையாக வளையங்கள் தெரியும். எனக்கு அந்த வரிசையே ஓர் அழகு.

இந்தக் காருக்குப் புதிய தகடு கிடைப்பதும் ஒரு பேறுதான். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988இல் எம்.ஜி.பி.யின் முழு உடலையே மறுபடி தயாரித்துத் தரத் தொடங்கியது. அசல் அச்சில் அடித்த தகட்டின் வளைவு உட்காரும் விதமே வேறு. ஆனால் எங்கிருந்து வந்தாலும் புதிய தகடு பெரும்பாலும் கறுப்புப் பூச்சு ஒன்றோடு வரும். அது தகட்டோடு ஒன்றிய நல்ல மின்பூச்சாக இருக்கலாம். கப்பலிலும் கிடங்கிலும் துருப்பிடிக்காமல் இருக்க அடித்த தற்காலிகப் பூச்சாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. துணியில் தின்னர் நனைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். துணி கறுத்தால் முழுவதையும் சுரண்டி எஃகுவரை போக வேண்டும். கறுக்காவிட்டால் உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டு அதன்மேலேயே தொடரலாம். ஒரு துணி, ஒரு சொட்டுத் தின்னர். மேலே வரப்போகும் எல்லாப் பூச்சுகளின் ஆயுளும் இந்தச் சோதனையில் அடங்கியிருக்கிறது. வெற்று எஃகை அவர் கையுறை இல்லாமல் தொடுவதும் இல்லை. வியர்வையிலும் உப்பு இருக்கிறது. ஈரமான நாளில் விரல்ரேகை அப்படியே பழுப்பு நிறத்தில் பூத்துவிடும்.

இப்போது வருகிறது இந்த வேலையிலேயே நான் மிகவும் ரசிக்கும் பகுதி.

இரண்டு தகடுகளின் விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படியப்போகின்றன. படிந்த பிறகு நடுவில் எதையும் பூச முடியாது. ஆகவே முன்பே பூச வேண்டும். ஆனால் சாதாரண பிரைமர் பூசினால் வெல்டிங் பிடிக்காது. எரிந்து புகையாகி, உருகிய உலோகத்தில் குமிழி கட்டிவிடும். இதற்கென்றே துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமர் இருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தும், ஓரளவு வெப்பத்தையும் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரம் புகுந்து மின்கலம் உருவாகும்போது இரும்புக்கு முன்னால் துத்தநாகம் கரைந்து, இரும்பைக் காக்கும். செம்பு கலந்த பிரைமரும் கடையில் கிடைக்கும். வெல்டிங்குக்கு அது நன்றாகவே ஒத்துழைக்கும். ஆனால் இரும்புக்காகத் தன்னைக் கொடுக்கும் குணம் செம்புக்குக் கிடையாது. இடுக்குக்குள் வைத்து மூடப்போகும் இடத்துக்குத் துத்தநாகமே சரி என்பது என் தீர்மானமான கருத்து.

ஆனால் துத்தநாகமும் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். அதாவது எஃகு உருகும் முன்பே காவலாளி ஓடிவிடுகிறார். போகும்போது வெல்டிங்கையும் ஓட்டை ஓட்டையாக்கிவிட்டுப் போகிறார். அந்த வெண்புகை மூச்சில் ஏறினால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும் என்பதால் முகமூடி கட்டாயம். பூசினால் வெல்டிங் கெடும், பூசாவிட்டால் துரு வரும் என்ற இந்த இக்கட்டிலிருந்து கைவினைஞர்கள் கண்டுபிடித்த வழி மிக எளியது.

பட்டறையில் பெரும்பாலும் தொழிற்சாலையின் பெரிய ஸ்பாட் வெல்டிங் இடுக்கி நுழையாது. மேல்தகட்டின் விளிம்பில் ஐந்தாறு மில்லிமீட்டர் துளைகளை, தொழிற்சாலை வைத்த அதே இடைவெளியில் குத்தி, அந்தத் துளை வழியாக அடித்தகட்டோடு சேர்த்து நிரப்பிப் பற்றவைப்பார்கள். பிளக் வெல்டிங் என்பது இதுதான். துளையின் பிசிறை வழித்த பிறகு, இரண்டு விளிம்புகளுக்கும் துத்தநாக பிரைமரை மெல்லிசாக அடிக்கிறார். காயவிடுகிறார். தகடுகளைச் சேர்த்து, துளைக்கு ஒன்றாகக் கிளாம்ப் போட்டு இறுக்குகிறார். பிறகு, மழுங்கிய துளைமுனை ஒன்றைக் கையில் பிடித்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுகிறார். துளையின் அடியில் தெரியும் அந்தச் சின்ன வட்டத்தில் மட்டும் பிரைமர் போய்ச் சுத்தமான எஃகு வெள்ளையாகத் தெரிகிறது. வெல்டிங் விழுவது அந்த வட்டத்தில் மட்டும்தான். சுற்றிலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே துத்தநாகம் அப்படியே இருக்கிறது. வெப்பத்தில் புள்ளியை ஒட்டிய ஒரு குறுகிய வளையம் போகும்; அடுத்த புள்ளி வரையுள்ள இடுக்கு முழுக்கக் காவலோடு நிற்கும். ஒரு சில்லின் இரண்டு விளிம்புகளிலும் இப்படி எத்தனையோ துளைகள். ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு சுற்று. மெஷினில் மாட்டிச் சுற்றினால் அடித்தகடு குடைபட்டு மெலியும். அதனால் கையால் மட்டுமே. இதைப் பொறுமையாகச் செய்பவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அடுத்த நுணுக்கம் வரிசை. உள்சில், கேஸில் ரெயில், இடைத்தகடு, வெளிச்சில் என்று உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக ஏறும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் வெல்டிங்கின் பின்பக்கம் கறுத்துப்போயிருக்கும். வெப்பம் அங்கே இருந்த பூச்சை எரித்து, செதில்செதிலான கருஞ்சாம்பல் படலத்தை விட்டிருக்கும். அந்தப் படலத்தின்மேல் எதைப் பூசினாலும் ஒருநாள் படலத்தோடு சேர்ந்து உதிரும். அடுத்த தகட்டை ஏற்றுவதற்கு முன், கை போக வழி இருக்கும்போதே, கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து, எபாக்ஸி பிரைமர் பூச வேண்டும். காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு இந்தக் காத்திருப்புதான் கசக்கும். ஒரே நாளில் நான்கு தகடுகளையும் ஏற்றிவிட முடியும் என்ற நிலையில் ஒன்றை ஏற்றிவிட்டு மறுநாளுக்கு நிறுத்திவைப்பது சாதாரணக் கட்டுப்பாடு இல்லை. எபாக்ஸி நீரை ஊடுருவ விடாது. வெற்று எஃகை நன்றாகப் பற்றிக்கொள்ளும். இடைத்தகட்டை ஏற்றும் முன் அதன் பின்பக்கமும், வெளிச்சில்லை ஏற்றும் முன் இடைத்தகட்டின் முன்பக்கமும் வெளிச்சில்லின் உள்முகமும் முழுப்பூச்சோடு இருக்கும். வெளிமுகத்துக்குக் கொடுத்த அதே கவனம். பூச்சு விளிம்பின் ஓரத்தில் மட்டும் நேர்கோடாக நின்றுவிடும், அங்கே துத்தநாகம் தொடரும்.

சில்லின் நுனிகளிலும் மட்கார்டின் கீழ்ப்பகுதியிலும் தகட்டோடு தகடு சேரும் இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஓரத்தை ஒரு படி தாழ்த்தி மற்றதை அதன்மேல் ஏற்றுவது ஒன்று. பொருத்துவது சுலபம், ஆனால் பின்பக்கம் புதியதாக ஓர் இடுக்கை நாமே உண்டாக்குகிறோம். முனையோடு முனை வைத்து இணைப்பது இன்னொன்று. இடைவெளி சீராக இருக்க வேண்டும், வெப்பத்தில் தகடு நெளியாமல் இருக்க அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளியாக வைத்து ஆறவிட வேண்டும். பின்பக்கம் கை போகாத இடத்தில் இரண்டாவது வழியை எடுப்பவர் துருவின் வழக்கம் அறிந்தவர். கிரைண்டரால் மட்டம் செய்த பிறகு அவர் பட்டறையின் விளக்கை அணைத்து, மூட்டின் பின்னால் ஒரு டார்ச்சைப் பிடிக்கிறார். ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தாலும் ஒளி தெரியும். பட்டியால் மூடிவிடலாம் என்று தோன்றும் அளவுக்குச் சின்னது. அதன் வழியாக உள்ளேயிருக்கும் ஈரம் பட்டியின் முதுகைத் தொட்டுவிடும். பாலியஸ்டர் பட்டி நீரை உறிஞ்சும் பொருள். அதனால்தான் ஓட்டையை வெல்டிங்காலேயே அடைத்து, எபாக்ஸி பூசி, பட்டி வேண்டுமென்றால் அந்த எபாக்ஸியின்மேல் பார்க்கிறார். பழைய முறைப்படி ஈயம் உருக்கிப் பூசுபவருக்கு வேறொரு எச்சரிக்கை வேண்டும்: ஈயம் பிடிப்பதற்காகத் தடவும் பசையில் துத்தநாகக் குளோரைடு போன்ற உப்புகள் இருக்கும். மிச்சம் மீதி இல்லாமல் கழுவி நீக்காவிட்டால் வண்ணத்துக்கு அடியில் அதுவே துருவை அழைத்துவரும்.

மூட்டுகளின் வெளிப்பக்கம் பாலியூரித்தேன் சீலரைத் தூரிகையால் இழுக்கிறார்கள். சீலர் வெற்று எஃகின்மேல் வரக்கூடாது, பிரைமருக்கு மேல்தான். சில்லின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் சிறிய வாய்களில் சீலர் ஒரு சொட்டுக்கூடப் புகுந்துவிடக்கூடாது. நீரை உள்ளே விடாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டாலும் அது எப்படியாவது புகும்; குளிர்ந்த இரவில் உள்காற்றின் ஈரமே தகட்டில் துளியாகிவிடும். அது இறங்கிப் போக வழி வேண்டும். அடைப்பதில் காட்டும் அதே அக்கறையைத் திறந்துவைப்பதிலும் காட்டுகிற இந்தச் சமநிலை எனக்கு மிகவும் பிடித்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை மிஞ்சும். வெளிச்சில்லை மூடிய கடைசி வெல்டிங்கின் பின்பக்கத்தைத் தேய்க்கவோ பூசவோ எந்தக் கையும் எட்டாது. அங்கே எரிந்த வளையங்கள் எரிந்தபடியே இருக்கும். அந்த இடத்துக்குத்தான் மெழுகு. பிரிட்டனில் வாக்ஸாயிலும், ஸ்வீடனில் பிறந்த டினிட்ராலும் இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை. வண்ண வேலை முற்றிலும் முடிந்த பிறகே இதைத் தொடுவார்கள். மெழுகு பட்ட தகட்டில் வண்ணம் நிற்காது. குளிராக இருந்தால் டப்பாவைச் சுடுநீரில் வைத்து இளக்குகிறார்கள். நுனியில் நாலாபக்கமும் பீய்ச்சும் நீண்ட குழாயைச் சில்லின் ஒரு துளை வழியாக அடுத்த கோடி வரை நுழைத்து, பீய்ச்சிக்கொண்டே மெதுவாக வெளியே இழுக்கிறார்கள். இழுக்கும் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். தயங்கிய இடத்தில் தேங்கும், விரைந்த இடத்தில் விட்டுப்போகும். இடைத்தகடு வெற்றிடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது என்பதை மறக்காதவர் இரண்டு அறைகளுக்கும் தனித்தனியாகச் செய்கிறார். கரைப்பான் இருக்கும்வரை மெழுகு தண்ணீரைவிட எளிதாக இடுக்குகளில் ஊர்ந்து ஏறும். சற்று நேரத்தில் அடிவிளிம்பின் வெளிப்பக்கம், சீலர் இல்லாத இடங்களிலும் வடிவாய்களிலும், பழுப்பு நிறத்தில் மெல்லிய ஈரக்கோடு கசிந்து தெரியும். உள்ளே எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. கசிவு நின்றதும் வடிவாய்களை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, குழாய் நுழைந்த துளைகளுக்கு ரப்பர் மூடி போடுகிறார்கள்.

மெழுகு நிரந்தரம் இல்லை. காய்ந்து சுருங்கும், சேற்றோடு வழியும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே ரப்பர் மூடியைக் கழற்றி, வளையும் குழாய்க் கேமரா ஒன்றை உள்ளே விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். திரையில் எபாக்ஸியின் சாம்பல் நிறமும் அதன்மேல் மெழுகின் மங்கலான பளபளப்பும் தெரிந்தால் மூடியை மறுபடி மாட்டிவிடலாம். காய்ந்த திட்டு தெரிந்தால் கோடைகாலத்தில் வெப்பமான ஒரு நாளைப் பார்த்து இன்னொரு முறை பீய்ச்ச வேண்டும். இந்த வகையில் வேலைசெய்பவர்கள் ஒவ்வொரு தகட்டையும் மூடுவதற்கு முன் உள்பக்கத்தைப் படமெடுத்தும் வைக்கிறார்கள். புதுப்பித்த எம்.ஜி.பி.யை வாங்கப் போகிறவர், வண்ணத்தைச் சுற்றிவந்து பார்ப்பதற்கு முன்னால் அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். துளைகளின் அடியில் வெள்ளை வட்டங்களும் அவற்றைச் சுற்றித் துத்தநாகத்தின் சாம்பல் நிறமும் அதில் தெரிகின்றனவா என்று தேடட்டும்.